ஒன்பது பேராய் நின்ற எண்

சித்தப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மதியச் சாப்பாடு. பொழிச்சலூரில் எங்கள் வீட்டில் ஒன்று, சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீட்டில் ஒன்று. எங்களோடு உட்கார்ந்து கோழிக் குழம்பைப் பாதி வயிற்றுக்குச் சாப்பிடுவார். ஏப்பத்தை அடக்கிக்கொண்டு எழுந்து, தெரு வழியாக நடந்து அடுத்த வாசலுக்குப் போவார். அங்கே பெரியம்மா கருவாட்டுக் குழம்போடு காத்திருப்பாள். எந்த வீட்டிலும் ‘போதும்’ என்று சொல்லக்கூடாது. சொன்னால் மற்ற வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அர்த்தம். தாம்பரத்தில் ரயில்வே வேலை பார்த்த, கல்யாணமாகாத அந்த மனிதர் இப்படி இரண்டு அண்ணன்களுக்கும் தன் வயிற்றையே சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. நெல் விளைந்த நிலமெல்லாம் வீட்டு மனைகளாகிக்கொண்டிருந்த எண்பதுகள் அவை. பாகம் பிரித்தபோது எந்த வார்த்தையில் சண்டை மூண்டதோ, பிள்ளைகளான எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்த்தது சுவர் எழும்பியதை மட்டும்தான். கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது. ஊர்ப் பெரியவர்கள் சொன்னதற்குக் கட்டுப்பட்டு, சுவரில் ஓர் ஓட்டை போட்டு, அதன் வழியே ஒரு ரப்பர் குழாயில் எங்களுக்குத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் தொட்டி நிரம்பியதும் அம்மா கரண்டியால் சுவரைத் தட்டுவாள். அந்தப் பக்கம் பெரியம்மா மோட்டாரை நிறுத்துவாள். இரண்டு வீட்டுக்கும் இடையே நடந்த ஒரே பேச்சுவார்த்தை அந்தக் கரண்டிச் சத்தம்தான்.

எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். அண்ணன், நான், இரண்டு தங்கைகள், கடைக்குட்டித் தம்பி. அந்த வீட்டில் நாலு பேர். பத்தாவது படித்த அக்கா மூத்தவள். அவளுக்குக் கீழே ஒரு பையன், ஒரு பெண், கடைசியாக இன்னொரு பையன். நாங்கள் ஒன்பது பேரும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு, ஒரே சாலையில், இரண்டு கூட்டமாகப் போவோம்.

நான் ஏழாவது படித்த வருஷம், பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா ஒரு பையோடு வந்தார். பழைய காலண்டர் அட்டைகளைச் சதுரமாக வெட்டி, சிவப்பு பெயிண்டில் ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதி, கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சணல் கட்டியிருந்தார். அண்ணனுக்கு ஒன்பது. எனக்கு ஏழு. கடைக்குட்டிக்கு ஐந்து. தங்கைகளுக்கு மூன்றும் ஒன்றும். மிச்சமிருந்த நாலு அட்டைகளோடு அடுத்த வீட்டுக்குச் சாப்பிடப் போவதற்கு முன் விதிகளைச் சொன்னார்.

“ஒன்பது பேரும் வரிசையா நிக்கணும். இடது பக்கத்துலேர்ந்து படிச்சா ஒரே எண்ணு. முதல் ரெண்டு பேரு சேர்ந்த எண்ணு ரெண்டால மீதியில்லாம போவணும். முதல் மூணு பேரு சேர்ந்தது மூணால போவணும். நாலு பேரு நாலால. அப்டியே ஒன்பது வரைக்கும். காணும் பொங்கலன்னிக்கு காலைல வேனோட வருவேன். நின்னு காட்டினா எல்லாரையும் கோவளம் இட்டுக்கினு போவேன். காட்டலன்னா வேனு காலியா திரும்பிடும்.”

அண்ணன் அலட்சியமாகச் சொன்னான். “மாத்தி மாத்தி நின்னு பாத்தா தானா வந்துடும்.”

“மூணு லட்சத்து அறுபத்திரெண்டாயிரத்துச் சொச்சம் விதமா நிக்கலாம்டா. அதுல ஒண்ணே ஒண்ணுதான் சரி. நின்னு பாரு, உனக்கு மீசை நரைச்சிடும்” என்றார் சித்தப்பா.

பக்கத்தில் கோவளம் இருந்தும் நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பார்க்காதவர்கள் கை தூக்கச் சொன்னபோது தூக்கிய இரண்டு கைகளில் ஒன்று என்னுடையது. அதனால் அந்த எண் எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே ஒரு சாக்பீஸ் துண்டோடு மொட்டைமாடிக்குப் போனேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகவே நின்றால் என்ன? பன்னிரண்டு இரண்டால் வகுபட்டது. நூற்றிருபத்து மூன்று மூன்றால் வகுபட்டது. ஆயிரத்து இருநூற்று முப்பத்து நாலில் தடுக்கிவிட்டது. இப்படி ஒவ்வொன்றாக அழித்து எழுதியதில் தரைதான் வெளுத்தது. களைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. ஐந்தால் வகுபட வேண்டுமானால் எண் ஐந்தில் முடிய வேண்டும், அல்லது சைபரில் முடிய வேண்டும். எங்களிடம் சைபர் இல்லை. அப்படியானால் ஐந்தாம் இடம் ஐந்துக்குத்தான். கீழே ஓடிப்போய்க் கடைக்குட்டியிடம், “மூணு லட்சம் விதமா நின்னாலும் உன் இடத்த யாராலயும் அசைக்க முடியாதுடா” என்றேன். அவன் உடனே முற்றத்தின் நடுவில் போய் நின்றுகொண்டான். சாப்பிடக் கூப்பிடும்வரை நகரவில்லை.

அடுத்தது எனக்குச் சந்தோஷத்தையும் பயத்தையும் சேர்த்தே கொடுத்தது. இரண்டு, நாலு, ஆறு, எட்டால் வகுபட வேண்டிய எண்கள் இரட்டைப்படையில்தான் முடியும். ஆகவே இரண்டாம், நாலாம், ஆறாம், எட்டாம் இடங்களில் இரட்டைப்படை அட்டைக்காரர்கள்தான் நிற்க முடியும். இரட்டைப்படை அட்டைகள் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. நாலும் அந்த வீட்டில். எப்படித் திருப்பிப் போட்டாலும் எங்கள் வீட்டு ஆள் ஒருவர், அந்த வீட்டு ஆள் ஒருவர், மறுபடி எங்கள் வீட்டு ஆள் என்றுதான் வரிசை அமையும். எங்களில் இரண்டு பேர் ஒட்டி நிற்க வழியே இல்லை. சித்தப்பா கொஞ்சம் கவனித்து அட்டைகளைக் கலந்து கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காதே என்று அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அப்பா அட்டையைப் பார்த்த அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “அந்த வூட்டுப் பசங்களோட தெருவுல நின்னீங்கன்னா காலை ஒடிச்சிடுவேன்.”

மறுநாள் தண்ணீர் விடும் நேரத்தில், தொட்டியருகே குனிந்து, குழாய் வரும் ஓட்டையில் வாயை வைத்து, “அக்கா” என்று கூப்பிட்டேன். அந்தப் பக்கம் அக்காவும் தன் அட்டையோடு மண்டையை உடைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுடையது எட்டு.

“அஞ்சு நடுவுலதானே?” என்றாள் எடுத்த எடுப்பில்.

“ஆமா. நீங்க நாலு பேரும் எங்களுக்கு நடுவுல நடுவுல.”

“அது தெரியும். நாலாவது இடத்துக்கு ரெண்டு இல்லன்னா ஆறுதான் வரும். எட்டாவது இடத்துக்கும் அதே. நல்லா போட்டுப் பாத்துட்டேன்.”

அவள் சொன்னதை நான் மாடியில் சரிபார்த்தேன். நாலால் வகுபடுகிறதா என்று பார்க்கக் கடைசி இரண்டு எண்கள் போதும். முன்னால் நிற்பது ஒற்றைப்படை. பதினாலு போகாது, முப்பத்தெட்டு போகாது. பன்னிரண்டு போகும், முப்பத்தாறு போகும். நாலும் எட்டும் அங்கே ஒருக்காலும் நிற்க முடியாது. எட்டாம் இடத்துக்கும் நியாயம் அதுவே. மூன்று லட்சம் வரிசைகள் மழையில் கரைவதுபோல் கரைய ஆரம்பித்தன. நான் மூன்றின் பக்கமாக நுழைந்து, எண்களைக் கூட்டிப் பார்த்து, இன்னும் பலதைத் தள்ளினேன். கண்டுபிடித்ததை அவள் ஓட்டை வழியே சொல்வாள், நான் சொல்வேன், குழாய்த் தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும். அந்த வாரம் எங்கள் தொட்டி பலமுறை நிரம்பி வழிந்தது. அம்மாவுக்கு ஏனென்றே புரியவில்லை.

போகிக்கு முன்னால், பத்தே பத்து வரிசைகள் மிஞ்சின. அவற்றில் ஏழுக்கு மட்டும்தான் சோதனை பாக்கி. ஏழுக்குக் குறுக்கு வழி எங்களுக்குத் தெரியாது. முழு வகுத்தல் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டோம். என் பங்கில் ஒன்று மீதி இரண்டில் நின்றது, இன்னொன்று மீதி ஆறில் நின்றது. முப்பத்தெட்டு லட்சத்துப் பதினாறாயிரத்து ஐநூற்று நாற்பத்தேழை எடுத்தேன். முப்பத்தெட்டில் ஐந்து முறை, மீதி மூன்று. முப்பத்தொன்றில் நாலு முறை, மறுபடி மூன்று. முப்பத்தாறு, ஒன்று. பதினைந்து, ஒன்று. பதினாலு தீர்ந்தது. கடைசியில் இறக்க வேண்டியது ஏழு. அது என் அட்டை. ஏழாம் இடத்தில் ஏழு. ஒன்றுமே மீதியில்லை.

நான் கீழே ஓடி, அம்மாவின் கரண்டியைப் பிடுங்கிச் சுவரில் மாறி மாறி அடித்தேன். அந்தப் பக்கம் மோட்டார் நின்றது. தொட்டி அரைதான் நிரம்பியிருந்ததால் அம்மா என்னைத் துரத்தினாள். ஓட்டையில் வாயை வைத்து, “மூணு எட்டு ஒண்ணு ஆறு அஞ்சு நாலு ஏழு ரெண்டு ஒன்பது!” என்று கத்திவிட்டுத்தான் அவள் கையில் அகப்பட்டேன். அந்த அடி எனக்கு வலிக்கவே இல்லை.

அண்ணன்தான் பெரிய இடைஞ்சலானான். அவன் கடைசியில், பெரியப்பாவின் மூத்த பையனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கிரிக்கெட்டில் யாரோ யாரையோ ஏமாற்றிய விவகாரத்தில் இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது.

“அவன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன். எட்டு பேரோட நில்லுங்க, இன்னா இப்போ?”

“எட்டு பேரோட நின்னா வேனு நிக்காது. உனக்காவது ஒரு பக்கம்தான் அந்த வூட்டு ஆளு. எனக்கு ரெண்டு பக்கமும். நானே நிக்கிறேன், உனக்கு இன்னா?”

ஒரு பக்கம் மட்டும் என்பது அவனுக்கு ஏதோ சலுகைபோலப் பட்டிருக்க வேண்டும். முறைத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

காணும் பொங்கலன்று காலை வேன் வந்து நின்றது. சித்தப்பா இறங்கி எந்த வீட்டுக்குள்ளும் போகாமல், இரண்டு வாசலுக்கும் நடுவில், தெருவிலேயே நின்று கைதட்டினார். நாங்கள் கழுத்தில் அட்டையோடு எங்கள் கேட்டிலிருந்து வந்தோம். அவர்கள் அவர்கள் கேட்டிலிருந்து வந்தார்கள். கோலங்களை மிதிக்காமல் ஒருவர் விட்டு ஒருவராக நின்றோம். புதுத்துணியோடு வாசலில் நின்ற தெருக்காரர்கள் இதைப் பார்த்ததும் கூடிவிட்டார்கள். இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்பது அவர்களுக்குக் கோவளத்தை விடப் பெரிய காட்சி.

அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அந்தப் பக்கம் பெரியப்பா தோளில் துண்டோடு வந்தார். எங்கள் கால்கள் ஒடியப்போகின்றன என்று கண்களை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. முதலில் தன் பிள்ளைகளைக் கூப்பிடுகிறவர் பயந்துவிட்டார் என்று ஆகிவிடுமல்லவா? அப்பா பெரியப்பா கூப்பிடட்டும் என்று காத்தார். பெரியப்பா அப்பா கூப்பிடட்டும் என்று காத்தார். அந்த இடைவெளியில் சித்தப்பா புகுந்துவிட்டார்.

“முப்பத்தெட்டு! ரெண்டால?”

“போவும்!” என்றது தெரு.

“முன்னூத்தி எண்பத்தொண்ணு! மூணால?”

“போவும்!”

நாலாயிற்று. ஐந்துக்கு யாரும் வாய் திறக்கும் முன் கடைக்குட்டியே “போவும்!” என்று கத்தினான். ஆறுக்குக் கொஞ்சம் யோசித்து, ஆளாளுக்கு விரல்விட்டு, தெரு ஒத்துக்கொண்டது. ஏழின் முறை வந்தபோது, பக்கத்து விமான நிலையத்துக்குப் போகும் விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ இறங்கியது. எங்கள் ஊரில் விமானம் போகும்வரை யாரும் பேச மாட்டோம்; வாயைத் திறந்தவர் திறந்தபடி நிற்பார். அது போய் முடிந்ததும் முதலில் கேட்டது பெரியப்பாவின் குரல்.

“ஏழால போவாது. அஞ்சு மீதி நிக்குது.”

பெரியப்பா மனக்கணக்குக்குப் பேர்போனவர். அவர் வாயால் ஒன்று சொன்னால் காகிதத்தில் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாடியில் நான் போட்டது தப்பா? கடல் என் கண்முன் வற்றிக்கொண்டிருந்தது.

“போவும்” என்றார் அப்பா.

யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. வேனின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார். பெரியப்பா சித்தப்பாவைப் பார்த்து, “கணக்கு தெரியலன்னா வாயை மூடிக்கினு நிக்கச் சொல்லுடா” என்றார். அப்பாவும் சித்தப்பாவைப் பார்த்து, “போவும்னு சொல்லுடா அவருகிட்ட. என் பொண்ணு போட்டுப் பாத்திருக்குது” என்றார்.

“நான் இன்னா தபால்காரனா?” என்றார் சித்தப்பா. “ரோடு கீது. சாக்பீஸ் கீது. போட்டுப் பாருங்க.”

என் கையிலிருந்த சாக்பீஸை அப்பா வாங்கி, இரண்டாக ஒடித்து, ஒரு துண்டைத் தரையில் வைத்தார். பெரியப்பா வந்து அதை எடுத்தார். இருவரும் தெருவில் குந்தி, முதுகைக் காட்டியபடி வகுக்கத் தொடங்கினார்கள். அப்பா முதலில் முடித்தார். மீதி சைபர். நிமிர்ந்தவர் பெரியப்பா எழுதியிருந்ததை எட்டிப் பார்த்தார்.

“ஆறு எங்கணா?” என்றார். “ஆற விட்டுட்டியேணா. உன் புள்ளதான்ணா ஆறு.”

பெரியப்பா தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்தார். அவருடைய கடைசிப் பையன், என் தங்கைக்கும் கடைக்குட்டிக்கும் நடுவில், விமானம் வந்ததிலிருந்தே அறுந்துபோன செருப்பு வாரை மாட்டுவதற்காகக் கீழே குனிந்திருந்தான். சத்தம் கேட்டு எழுந்து நின்றான். நெஞ்சில் சிவப்பாக ஆறு. தெரு வெடித்துச் சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. எழுதியதைத் துண்டால் அழித்துவிட்டு, உதட்டை அசைத்து அசைத்து மறுபடி போட்டார்.

“மூணு... முப்பத்தொண்ணு... முப்பத்தாறு, ஒண்ணு... பதினஞ்சு, ஒண்ணு... ரெண்டேழ் பதினாலு...” என்று வந்து, கடைசி ஏழை இறக்கி, சாக்பீஸால் தரையில் தட்டினார். “போவுதுடா. சரியா போவுது.”

தெரு போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன. எட்டுக்கு யாரும் வகுக்கக்கூட இல்லை, அக்காதான் “கடைசி மூணு எண்ணு நானூத்தி எழுபத்திரெண்டு, போவும்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். ஒன்பதுக்கு எல்லோரையும் கூட்டினால் நாற்பத்தைந்து. சித்தப்பா எங்கள் முன்னால் நடந்துகொண்டே ஏலம் கூவுவதுபோல் படித்தார். “முப்பத்தெட்டு கோடியே பதினாறு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து எழுநூத்தி இருபத்தொன்பது!” அந்தப் பேரெண் நாங்கள்தான். அண்ணன் பக்கத்திலிருந்தவனின் தோளில் கை போட்டிருந்தான். போட்டது அவனுக்கே தெரிந்திருக்காது.

நாங்கள் வேனில் முண்டியடித்து ஏறினோம். சுவர் அன்றைக்கே இடிந்துவிடவில்லை. அடுத்த பொங்கலுக்குள் அதில் ஒரு கதவு வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வீட்டிலும் சண்டைகள் வராமலில்லை. அதெல்லாம் பின்னால். அன்று வேன் கிளம்பும்போது நான் பின் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு, அப்பா கை காட்டுவாரா என்று பார்த்தேன். ஏழாம் இடத்தில் நின்ற ஏழு நான். அதைக் கண்டுபிடித்தவளும் நான். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அப்பா திரும்பவே இல்லை. பெரியப்பாவும் திரும்பவில்லை. வேன் கிளப்பிய புழுதியில் இரண்டு பேரும் அதே இடத்தில் குந்தியபடி, தரையைக் காட்டிக் காட்டி, கைகளை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணக்குதான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன பேச்சு என்று நினைத்தேன்.